நோய்தான் விளைச்சல்! அகர் மரத்துக்குப் பூஞ்சை ஊசி... கொல்லிமலை அடிவாரம் யோசிக்க வேண்டியது என்ன?

முள்ளுக்குறிச்சியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்திலிருந்து மலைக்கு ஏறும் இரண்டு சாலைகளில் ஒன்று இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கீழே மரவள்ளிக் காடு. மேலே போகப் போக காபி, பலா, வாழை, அன்னாசி. மிளகுக் கொடி ஏறுவதற்காகவே வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் விளக்குக் கம்பம் மாதிரி நேராக நிற்கும்.

மிளகு விலை ஏறினால் சந்தோஷம், இறங்கினால் கவலை. காபிக்கும் அதே கதைதான். அதனால் `இன்னொரு மரம் இருக்கு, லட்சக்கணக்கில் வருமானம் தரும்' என்று யாராவது சொன்னால், மலைத்தோட்டக்காரர்கள் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்வார்கள். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றிக்கொண்டிருக்கும் பெயர், அகர் மரம். நம் பழைய பெயர் அகில்.

`கன்று நடுங்கள், ஆறேழு வருஷம் வளருங்கள், பிறகு நன்மை செய்யும் பூஞ்சைக் கலவையை ஊசியாகப் போடுங்கள், ரெண்டு மூணு வருஷத்தில் கட்டை கறுப்புத் தங்கமாகிவிடும், மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை' என்பதுதான் இந்த விளம்பரங்களின் சாராம்சம்.

பூஞ்சை செலுத்தினால் அகர் மரத்தில் வாசனைப் பிசின் உருவாகும் என்பது உண்மை. பல நாட்டு ஆய்வகங்களும் தோட்டங்களும் அதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் `மரத்துக்குக் கெடுதலே இல்லை' என்ற கடைசி வரியில்தான் சிக்கல். கெடுதல் இல்லையென்றால் பிசினே இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

அகர்பத்தியில் அகர் எங்கே?

அகர்பத்தி இல்லாத பூஜை அறை உண்டா? அந்தப் பெயரிலேயே அகர் இருக்கிறது. ஆனால் இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான பத்திகளில் அகர் இருக்காது. மூங்கில் குச்சி, கரித்தூள், ஒட்டும் பட்டைத்தூள், செயற்கை வாசனை, அவ்வளவுதான். உண்மையான அகர் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது.

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புபவர்கள் கொண்டுவரும் சின்னஞ்சிறு `ஊத்' அத்தர் பாட்டில்தான் நம் வீடுகளுக்கு வரும் அசல் அகர். அரபு வீடுகளில் விருந்தினர் வந்தால், தணலில் ஒரு சிறு அகர் துண்டைப் போட்டுப் புகை காட்டுவது மரியாதை. சீன மொழியில் இதற்கு `மூழ்கும் வாசனை' என்று பொருள்படும் பெயர். பிசின் ஏறிய கட்டை அவ்வளவு கனம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

தமிழுக்கும் அகிலுக்கும் உறவு பழையது. சங்க இலக்கியத்தின் குறிஞ்சிப் பாடல்களில் மலைக் கானவர் சுட்ட அகிலின் புகை வருகிறது. பெண்கள் கூந்தலுக்கு அகில் புகை காட்டினார்கள். கீழ்க்காற்றோடு கப்பலில் வந்து இறங்கிய சரக்குகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை அகிலையும் சேர்த்துச் சொல்கிறது. `அகில்' என்ற சொல் போர்ச்சுகீசியர் வாயில் `அகிலா'வாகி, ஆங்கிலத்தில் `ஈகிள்வுட்' ஆனது. கழுகுக்கும் அந்த மரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் `வெள்ளை அகில்' என்று அழைக்கப்படும் மரம், வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாவரவியல் பெயர் டைசாக்சிலம் மலபாரிகம். இன்று பேசப்படும் அகர் மரம் அக்விலேரியா மலாக்சென்சிஸ். இதன் சொந்த ஊர் அசாம், திரிபுரா, நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் போன்ற வடகிழக்கு மாநிலங்களும் தென்கிழக்கு ஆசியாவும். திரிபுராவின் தலைநகர் அகர்தலாவின் பெயரிலேயே இந்த மரம் இருக்கிறது என்பார்கள். நாம் பனையோலையில் எழுதியதைப் போல, அசாம் மக்கள் இதன் பட்டையைப் பதப்படுத்தி ஏடாக்கி எழுதினார்கள். அந்த ஏட்டுக்கு `சாஞ்சிபாத்' என்று பெயர்.

வெள்ளைக் கட்டை கறுப்பாவது எப்படி?

ஆரோக்கியமான அகர் மரத்தை வெட்டினால் ஏமாற்றம்தான். கட்டை வெளுப்பாக, லேசாக இருக்கும். வாசனை கிடையாது. காட்டில் தானாக வளர்ந்த மரங்களில் பத்தில் ஒன்றில்தான் பிசின் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த ஒரு மரத்துக்கு மட்டும் என்ன நடந்தது? காயம் பட்டது. கிளை முறிந்திருக்கலாம், இடி விழுந்திருக்கலாம், புழு குடைந்திருக்கலாம். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை உள்ளே போனது.

வேப்பமரத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் பிசின் வடிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அகர் மரம் பிசினை வெளியே வடிய விடாது. கட்டைக்குள்ளேயே உயிரோடு இருக்கும் செல்கள், சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து, கிருமியைத் தடுக்கும் வேதிப்பொருள்களைத் தயாரிக்கின்றன. காயத்தைச் சுற்றி அவை அரண் மாதிரிப் படிகின்றன. வெளுப்புக் கட்டை பழுப்பாகி, பிறகு கறுப்பாகிறது. இந்தப் பிசினில் முக்கியமானவை இரண்டு வகைச் சேர்மங்கள். ஒன்று, செஸ்குவிடெர்பீன்கள். இன்னொன்று, குரோமோன்கள். தணலில் போட்டதும் எழும் வாசனை இவற்றிலிருந்துதான் வருகிறது.

கவனித்துப் பார்த்தால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பூஞ்சை இருக்கும் இடத்தில் கட்டை மக்கிப்போகும். அதைச் சுரண்டித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்கு வெளியே, பூஞ்சையோடு மல்லுக்கட்டிய உயிருள்ள பகுதியில்தான் பிசின் இருக்கும். அதாவது, பிசினைத் தயாரிப்பது மரம். பூஞ்சை வெறும் தூண்டுகோல். மரம் செத்துவிட்டால் அதற்குமேல் ஒரு சொட்டுப் பிசின்கூட உருவாகாது.

இதே தத்துவத்தைத் தமிழ்நாடு கடலில் பார்த்திருக்கிறது. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் முத்துச் சிப்பிக்குள் சிறு மணியை வைத்து, இந்தியாவில் முதன்முதலாக வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். உறுத்தல் தாங்காமல் சிப்பி சுரந்த பூச்சுதான் முத்து. காயம் தாங்காமல் மரம் சுரந்த மருந்துதான் அகர்.

அசாமின் புழு

அசாமில் ஜோர்ஹாட், கோலாகாட், சிவசாகர் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் பாக்கு மரத்தோடு அகர் மரமும் நிற்கும். பெண் கல்யாணத்துக்கோ பிள்ளை படிப்புக்கோ வெட்டி விற்கும் சேமிப்பு மாதிரி. ஹோஜாய் என்ற ஊர் அகர் எண்ணெய் வடிக்கும் தொழிலுக்குப் பேர்போனது. அங்கிருந்துதான் இந்திய அகர் எண்ணெய் வளைகுடாச் சந்தைக்குப் போகிறது.

அசாமில் ஊசி போடும் வேலையைப் பல இடங்களில் இயற்கையே செய்துவிடுகிறது. சூசெரா கான்ஃபெர்டா என்ற அந்துப்பூச்சியின் புழு தண்டைக் குடைந்து உள்ளே போகும். அது போட்ட சுரங்கத்தில் பூஞ்சைகள் குடியேறும். வேறு பயிரில் தண்டு துளைப்பான் வந்தால் மருந்தடிக்க ஓடுவோம். அங்கே தோட்டக்காரர் சிரிப்பார்!

அந்தப் புழு எல்லா ஊரிலும் இருக்காது. அதனால்தான் வடகிழக்குக்கு வெளியே, கர்நாடகா, கேரளா, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அகர் வளர்ப்பவர்களுக்கு செயற்கைத் தூண்டுதல் தேவைப்படுகிறது. ஜோர்ஹாட்டில் உள்ள மழைக்காடு ஆராய்ச்சி நிறுவனமும், பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இந்தத் தூண்டுதலை ஆராய்ந்துவருகின்றன. இரண்டுமே மத்திய அரசின் வனவியல் ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்தவை.

ஒன்று போதாதா, எதற்குக் கலவை?

இயற்கையாகப் பிசின் பிடித்த அகர் கட்டையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால், ஒரே ஒரு பூஞ்சை கிடைப்பதில்லை. ஃபியூசேரியம், லாசியோடிப்லோடியா, பெனிசிலியம், அஸ்பெர்ஜில்லஸ், ட்ரைக்கோடெர்மா என்று ஒரு கூட்டமே இருக்கும். காட்டில் கூட்டாக நடக்கும் வேலையை நாமும் கூட்டாகச் செய்து பார்க்கலாமே என்பதுதான் கலவைக்குப் பின்னால் உள்ள யோசனை.

அதில் நியாயமும் இருக்கிறது. கட்டைக்குள் வேகமாகப் பரவும் பூஞ்சை ஒன்று. மரத்தை அதிகம் உசுப்பிவிடும் பூஞ்சை இன்னொன்று. உதாரணமாக, லாசியோடிப்லோடியா தியோப்ரோமே என்ற பூஞ்சை ஜாஸ்மோனிக் அமிலத்தைத் தயாரிக்கும். தாக்குதல் நடக்கும்போது தாவரங்கள் தங்களுக்குள் அடிக்கும் அபாய மணியே இந்த ஜாஸ்மோனேட் குடும்பம்தான். பிச்சிப்பூ எண்ணெயில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. ஒரு பூஞ்சை ஒரு மரத்தில் எடுபடாமல் போனாலும் இன்னொன்று எடுபடும் என்ற காப்பீடும் கலவையில் உண்டு.

ஆனால் கூட்டுக் குடும்பத்தில் சண்டையும் வரும். பூஞ்சைகள் இடத்துக்கும் உணவுக்கும் போட்டி போடும். ட்ரைக்கோடெர்மா மற்ற பூஞ்சைகளைச் சுற்றிவளைத்துத் தின்றே வளரக்கூடியது. அதை ஃபியூசேரியத்தோடு ஒரே பாட்டிலில் அடைத்தால், சில வாரங்கள் கழித்து உள்ளே யார் மிச்சம் இருப்பார்கள்? பாட்டில் வெயிலில் கிடந்தால் யாருமே மிச்சம் இல்லாமலும் போகலாம். எனவே `அஞ்சு பூஞ்சை இருக்கு, பத்து பூஞ்சை இருக்கு' என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டியதில்லை. எந்தெந்தப் பூஞ்சை, எவ்வளவு உயிரோடு இருக்கிறது, எந்த மரத்தில் சோதித்தார்கள் என்பதுதான் கேள்வி.

`நல்ல பூஞ்சை' என்ற சொல்லில் இருக்கும் மயக்கம்

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு `நன்மை செய்யும் பூஞ்சை' என்றதும் நினைவுக்கு வருவது ட்ரைக்கோடெர்மா விரிடிதான். தொழு உரத்தோடு கலந்து மண்ணில் போடுவார்கள். வேரழுகல், வாடல் நோய்களைக் கட்டுப்படுத்தும். பயிருக்குப் பாதுகாப்பு. அந்த நல்ல பெயர்தான் அகர் ஊசிக்கும் கிடைத்துவிடுகிறது.

அகர் மரத்தில் வேலை செய்யும் முக்கியமான பூஞ்சைகளின் குணம் வேறு. ஃபியூசேரியம் இனத்தின் ஒரு வகைதான் வாழையில் வாடல் நோயை உண்டாக்குகிறது. லாசியோடிப்லோடியாதான் தென்னையில் இலைக் கருகல் நோய்க்கும், மாம்பழத்தில் காம்பழுகலுக்கும் காரணம். அகர் மரத்திலிருந்து பிரித்த ஃபியூசேரியம் வாழைக்குப் பரவியே தீரும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. வாழையைத் தாக்கும் வகை அதற்கென்றே தனிப்பட்டது. ஆனால் பெயர் தெரியாத கலவையை, பக்கத்தில் வாழை நிற்கும் தோட்டத்தில் ஊற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது உரிமை. கொல்லிமலையில் வாழை என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆக, மண்ணில் போடும் ட்ரைக்கோடெர்மா பயிரை நோயிலிருந்து காப்பாற்றும் பூஞ்சை. அகர் ஊசியில் இருப்பது மரத்துக்கு அளவாக நோய் கொடுக்கும் பூஞ்சை. அந்த அளவில்தான் சூட்சுமம். குறைந்துபோனால் மரம் சுவர் கட்டிக் காயத்தை மூடிவிடும். பிசின் விரலகலம்கூட இருக்காது. அதிகமாகிவிட்டால் தண்டு அழுகி மரமே பட்டுப்போகும்.

எப்படிச் செலுத்துகிறார்கள்?

உலகம் முழுவதும் பல வழிகள் உண்டு. ஆணி அடிப்பதும் அரிவாளால் கொத்துவதும் பழைய வழிகள். காயம் ஆறிவிட்டால் பிசின் நின்றுவிடும் என்பது அவற்றின் குறை.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவர நோயியல் பேராசிரியர் ராபர்ட் பிளாஞ்சட், வியட்நாமில் இதற்கு ஒரு தீர்வு தேடினார். துளைக்குள் சிறு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, காயம் மூடாமல் பார்த்துக்கொண்டு, தூண்டும் பொருளை உள்ளே கொடுப்பது அவர் குழுவின் முறை. இதற்கு 2005-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

சீனாவில் வெய் ஜியான்ஹே குழுவினர் உருவாக்கிய முறை, மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதைப் போன்றது. பையில் திரவத்தைத் தொங்கவிட்டு, அடிமரத்தில் போட்ட துளை வழியே சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். இலைகள் நீரை மேலே இழுக்கும்போது திரவமும் கூடவே ஏறி, மரம் முழுக்கப் பரவுகிறது.

பூஞ்சைக் கலவைக்குப் பரவலாக இருப்பது துளை முறை. தண்டைச் சுற்றிப் படிக்கட்டு மாதிரி, ஒன்றன் மேல் ஒன்றாக வராமல், சிறு துளைகளை ட்ரில் செய்வார்கள். அதில் பூஞ்சைத் திரவத்தை ஊசியால் செலுத்துவார்கள், அல்லது மரத்தூளிலோ தானியத்திலோ வளர்த்த பூஞ்சையை அடைப்பார்கள். பிறகு மெழுகு வைத்து மூடுவார்கள். மழை பெய்யும் நாளில் இந்த வேலை கூடாது. துளைக்குள் தண்ணீர் இறங்கிக் கட்டை வெறுமனே அழுகும். ஒரு மரத்தில் போட்ட ட்ரில் முனையைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்தில் போடுவதும் கூடாது.

அறுவடை என்றால் மரத்தையே வெட்டுவதுதான். வெளுப்புக் கட்டையைச் செதுக்கித் தள்ளி, கறுத்த பகுதியைத் தனியாக எடுப்பார்கள். இதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். தரம் குறைந்த துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ச்சி வடித்து எண்ணெய் எடுப்பார்கள். ஊசி போட்டு ஓரிரு ஆண்டில் கிடைக்கும் இளம் பிசினும், காட்டில் பல பத்தாண்டுகள் ஊறிய பிசினும் ஒரே விலைக்குப் போகாது. விளம்பரங்களில் சொல்லப்படும் விலை பெரும்பாலும் இரண்டாவது வகையுடையது!

கொல்லிமலைக்கு ஒத்துவருமா?

அகர் மரத்துக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து வேண்டும். அசாமில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை மரம் நன்றாக வளரும். தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது. இளங்கன்றுக்கு நிழல் பிடிக்கும்.

இந்தக் கணக்கில் முள்ளுக்குறிச்சி மாதிரியான அடிவார நிலம் அகருக்கு வறட்சியானது. கோடையில் பாசனம் இல்லாமல் கன்று தாங்காது. மலைமேல் நிழலும் ஈரமும் உள்ள காபித் தோட்டங்கள் ஓரளவு பொருத்தமானவை. ஆனால் மிக உயரமான, குளிர்ந்த பகுதிகளில் வளர்ச்சி மெதுவாக இருக்கும்.

`சில்வர் ஓக்குக்குப் பதிலாக அகரை நட்டு, அதிலேயே மிளகை ஏற்றிவிட்டால் ரெட்டை லாபமாச்சே?' என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். கொடி படர்ந்த தண்டில் சுற்றிச் சுற்றித் துளை போட வேண்டும். கடைசியில் மரத்தை வெட்டும்போது, காய்ப்பில் இருக்கும் மிளகுக் கொடியும் கூடவே போய்விடும். காபிச் செடிகளுக்கு இடையிலோ வேலி ஓரத்திலோ சில மரங்களாக நடுவதுதான் புத்திசாலித்தனம்.

இலை தின்னும் புழு ஒன்றும் இருக்கிறது. ஹியோர்ஷியா விட்டெசாய்ட்ஸ் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் கூட்டமாக வந்தால் மரத்தையே மொட்டையடித்துவிடும். `பராமரிப்பே தேவையில்லை' என்ற பேச்சை நம்பி நட்டவர்கள் மரத்தைத் திரும்பிப் பார்க்கும்போது குச்சிதான் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

காட்டு அகர் மரங்கள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டதால், அக்விலேரியா மலாக்சென்சிஸ் இன்று உலக அளவில் மிகவும் அழியும் நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. 1995 முதல் இது சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள எதையும் உரிய அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.

இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்கு உச்சவரம்பும் உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுக்குப் பிறகு, 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,51,080 கிலோ அகர் சில்லு மற்றும் தூள், 7,050 கிலோ எண்ணெய் என்று புதிய அளவு அறிவிக்கப்பட்டது. அகர் வளர்ப்பை ஊக்குவிக்க அசாம் 2020-லும், திரிபுரா 2021-லும் தனிக் கொள்கையே கொண்டுவந்தன. அங்கே மரம் இருக்கிறது, செதுக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன, எண்ணெய் வடிக்கும் கூடங்கள் இருக்கின்றன, வியாபாரி வீட்டு வாசலுக்கு வருகிறார். நாமக்கல்லில் நட்டவர் யாரிடம் விற்பார் என்பது நடுவதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் பழைய தழும்புகளை நினைத்துப் பார்ப்பது நல்லது. 1990-களில் தேக்கு மரத் திட்டங்கள். 2012-ல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழிப் பண்ணைகள். தேக்கும் பொய் இல்லை, ஈமுவும் பொய் இல்லை. அவற்றைச் சுற்றிக் கட்டிய வருமானக் கணக்குதான் பொய். பணத்தையும் நிலத்தையும் இழந்தவர்கள் பெரும்பாலும் சேமிப்பு மொத்தத்தையும் ஒரே இடத்தில் போட்ட நடுத்தரக் குடும்பங்கள். அகர் மரமும் பொய் இல்லை. அதன் அறிவியலும் பொய் இல்லை. அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. கன்று எந்த இனம்? அக்விலேரியா மலாக்சென்சிஸா, வேறு இனமா? எங்கிருந்து வந்தது? ரசீதில் இனத்தின் பெயரை எழுதித் தருவார்களா?

2. பூஞ்சைக் கலவையில் என்னென்ன இருக்கின்றன? பெயர், தயாரித்த தேதி, எத்தனை நாள் தாங்கும், எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் பாட்டிலில் அச்சிடப்பட்டிருக்கிறதா?

3. இதே கலவையைத் தமிழ்நாட்டில் எந்தத் தோட்டத்தில், எப்போது போட்டார்கள்? அந்த மரத்தை நேரில் பார்க்க முடியுமா? வெட்டிய கட்டையைக் காட்டுவார்களா?

4. காட்டும் கட்டை பிசினால் கறுத்ததா, அழுகிக் கறுத்ததா? ஒரு சிறு துண்டைத் தணலில் போட்டுப் பார்த்தால் முதல் தகவல் கிடைத்துவிடும். வெறும் அழுகல் என்றால் விறகுப் புகைதான் வரும். முழு உறுதிக்கு ஆய்வகப் பரிசோதனை வேண்டும்.

5. மரம் பட்டுப்போனால் யார் பொறுப்பு? ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா?

6. திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர், எந்தத் தரத்துக்கு எந்த விலை என்று எழுதித் தருகிறாரா? அவர் இதற்கு முன் யாரிடமாவது வாங்கியிருக்கிறாரா?

7. மரத்தை வளர்க்க, வெட்ட, கொண்டுபோக என்னென்ன அனுமதி தேவை? இதைக் கன்று விற்பவரிடம் கேட்பதைவிட, மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

ஆலோசனைக்குக் கோவையில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாமக்கல்லிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒரு போன் போட்டுக் கேட்பதற்குக் காசு செலவில்லை.

ஏற்கெனவே நட்டவர்கள் என்ன செய்யலாம்?

பதற வேண்டாம். மரம் நிற்கிறது என்றால் பாதி முதலீடு பத்திரமாக இருக்கிறது. தண்டு பருக்காமல் ஊசி போடுவதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. இளைத்த மரத்தில் சேமித்த மாவுச்சத்து குறைவு; போராடத் தெம்பு இருக்காது, பிசினும் வராது. முதலில் மரத்தை நன்றாகத் தேற்ற வேண்டும்.

பிறகு எல்லா மரத்துக்கும் ஒரே நாளில் ஊசி போடாமல், தோட்டத்தின் ஓரத்தில் உள்ள இரண்டு மூன்று மரங்களில் மட்டும் சோதிக்கலாம். ஒன்றில் வெறும் துளை மட்டும் போட்டு மெழுகால் மூடிவிட வேண்டும். மற்றவற்றில் கலவையைச் செலுத்த வேண்டும். தேதியைக் குறித்து வைத்து, ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து, துளைக்கு அருகில் சிறிதாகச் செதுக்கிப் பார்த்தால் போதும். வெறும் துளை போட்ட மரத்துக்கும் கலவை போட்ட மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், பாட்டிலுக்குக் கொடுத்த காசு வீண் என்று புரிந்துவிடும். கறுப்பு ரேகை நீண்டிருந்தால், தணலில் வாசனை எழுந்தால், அடுத்த பத்து மரத்துக்குப் போகலாம்.

விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். விவசாயிக்கும் இது புதிதில்லை. புது விதை வந்தால் ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த போகத்துக்குத்தான் காடு முழுக்க விதைப்பார்கள். நாலு மாதப் பயிருக்கே அவ்வளவு நிதானம் என்றால், பத்து வருட மரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

ஊசி போட்ட பிறகு மரத்துக்குள் நடப்பதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. பூஞ்சை ஒரு பக்கம் முன்னேறும், மரம் மறுபக்கம் அரண் கட்டும். அந்தப் போராட்டம் நீண்டு, மரமும் சாகாமல் இருந்தால்தான் கட்டை கறுக்கும். அதுவரை காபியும் மிளகும்தான் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அகர் வந்தால் லாபம். வராவிட்டாலும் அடுப்பு அணையக் கூடாது. அந்தக் கணக்கோடு நடுகிறவர்கள் தாராளமாக நடலாம்.